வாசனைத் திரவியமா, கறிச்சரக்கா?

அக்கா மகள் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டு, “ஏன் மாமா, சென்ட் பாட்டிலுக்காகவா வாஸ்கோடகாமா அவ்வளவு தூரம் கப்பல்ல வந்தாரு?” என்றாள். ‘வாசனைத் திரவியங்களைத் தேடி ஐரோப்பியர் இந்தியா வந்தனர்’ என்று இருந்தது. அவள் மேல் தப்பில்லை. துணிக்கடை வாசலில் மணிக்கட்டில் பீய்ச்சிவிடுவார்களே, அதற்கும் வாசனைத் திரவியம் என்றுதானே பேர்.

அதே வாரம் ஒரு சமையல் நிகழ்ச்சி. கீழே தமிழில் ஓடிய வரி: ‘இப்போது வாசனைத் திரவியங்களைச் சேர்த்துக் கிளறவும்.’ வாணலியில் விழுந்ததோ மல்லித்தூளும் மிளகாய்த்தூளும். ‘ஸ்பைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் ‘ஸ்பைஸ்’. வேர் லத்தீனின் ‘ஸ்பீசீஸ்’. பொருள்: வகை, இனம். உயிரியலில் இன்றும் புழங்கும் அதே சொல்தான். பிற்கால லத்தீனில் அது விற்பனைச் சரக்கைக் குறிக்கத் தொடங்கி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சுருங்கியது. அதன் பிறப்பில் வாசனை என்ற பேச்சே கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘மசாலா’வும் அப்படித்தான். ‘நலம் தருபவை’ என்ற பொருளுள்ள அரபுச் சொல், ‘ஆக வேண்டிய பொருள்கள்’ என்ற அளவில் பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது. அதிலும் மணம் இல்லை.

மணத்தைக் கொண்டுவந்து ஒட்டியவர்கள் நாம்தான்.

‘திரவியம்’ வடமொழி ‘த்ரவ்ய’. பொருள், செல்வம் என்று அர்த்தம். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்ற ஔவை வாக்கில் இருப்பது அதுதான். ஆனால் இன்றைய காதுக்குத் திரவியம் என்றால் திரவம். வாசனைத் திரவியம் என்றதும் புட்டியும் பீய்ச்சானும் கண்முன் வருவது இதனால்தான். ஒரு சொல் தன் பழைய பொருளை இழந்துவிட்டால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சென்ட்டுக்கே விட்டுவிடுங்கள், அங்கே நன்றாகத்தான் பொருந்துகிறது.

சரி, வடமொழி வேண்டாம் என்று தனித்தமிழ் அன்பர்கள் ஒன்றைச் செய்தார்கள்: ‘நறுமணப் பொருள்’. என் சண்டை முக்கியமாக இதோடுதான். வாசனைத் திரவியமாவது பழக்கதோஷம். இது யோசித்துச் செய்த தவறு. வாசனைக்கு நறுமணம், திரவியத்துக்குப் பொருள் என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டுத் தூய்மை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த கோளாறு அப்படியே இருக்கிறது. சந்தனம் நறுமணப் பொருள், ஊதுபத்தி நறுமணப் பொருள், சாம்பிராணி நறுமணப் பொருள். மிளகாய்?

இந்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. கொச்சியில் இருக்கிறது. அதன் பட்டியலில் 52 பெயர்கள். ஏலம், மிளகு, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் இருக்கின்றன, நியாயம். கூடவே பூண்டு, கடுகு, கசகசா, மாதுளை விதை, புளி! புளியை நறுமணப் பொருள் என்று எந்த வாயால் சொல்வது? உரித்த பூண்டை மூக்கருகே வைத்துக்கொண்டு ‘ஆகா, நறுமணம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அடுப்படியில் நின்று பார்த்தால் இன்னும் தெளியும். மஞ்சளின் முதல் வேலை நிறம். மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசினுக்கு மணமே கிடையாது. வெந்தயம் கசப்புக்கு, கசகசா குழம்பு கெட்டிப்பட. பெருங்காயம் கல்லாக இருக்கும்போது அடிப்பது நாற்றம், இன்றைய பொருளிலேயே நாற்றம். சூடான எண்ணெயில் பொரிந்த பிறகுதான் அது வேறு ஆளாகிறது. கடுகை முழுசாக முகர்ந்தால் ஒன்றுமே இல்லை, நசுக்கினாலோ வெடித்தாலோதான் அதன் குணம் வெளியே வரும். மணம் தருபவற்றிலும் பெரும்பாலானவற்றின் சாரம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அல்ல. தாளிக்கிறோம் என்பதே அதற்காகத்தானே. கடுகு வெடிக்க நேரம் வேண்டும், முதலில் போடுகிறோம். தூள் சட்டென்று கருகிவிடும், அடுப்பைத் தணித்துவிட்டுப் போடுகிறோம். இத்தனை வேலை பார்க்கும் ஒரு கூட்டத்தை ‘மணக்கும் பொருள்’ என்று ஒரே மூச்சில் அடக்குவது, வீட்டு வேலை அத்தனையும் செய்கிறவளைக் ‘கோலம் போடுபவள்’ என்று அழைப்பது மாதிரி.

‘நறுமணமூட்டி’, ‘சுவையூட்டி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுவையூட்டி என்றால் உப்பும் சர்க்கரையும் அதில்தான் வரும், சூப் பொட்டலத்தில் இருக்கும் ரசாயனமும் வரும். ‘ஊட்டி’ என்று முடியும் சொற்களைத் தடை செய்தால் தமிழ் ஒன்றும் குறைந்துபோகாது, மலையூரைத் தவிர.

அப்படியானால் தமிழில் சொல்லே இல்லையா? இருக்கிறது, ஒன்றல்ல. ‘கறி’ என்றாலே சங்கத் தமிழில் மிளகு. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்கிறது அகநானூற்று 149ஆம் பாட்டு. பட்டினப்பாலையில் ‘காலின் வந்த கருங்கறி மூடை’ வருகிறது. வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து தேடியதிலும் முதலிடம் அந்தக் கறிக்குத்தான். (அக்கா மகளுக்கு இதைச் சொன்னதும், “மிளகுக்கா!” என்றாள், சென்ட்டைவிட ஏமாற்றமாக.) பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியே ஒரு காய் வந்தது. அதைத் தமிழன் கூச்சப்படாமல் மிளகு போலக் காரமான காய், மிளகாய் என்றான். சொல்லாக்கம் என்றால் அது.

பொதுப்பெயருக்கு வருவோம். கொங்கு நாட்டில் ‘செலவு’ என்பார்கள், செலவு ரசம் அதனால்தான் செலவு ரசம். தெற்கே ‘வெஞ்சனச் சாமான்’ உண்டு. பழைய அகராதிகளில் ‘சம்பாரம்’, அதுவும் வடமொழிதான், கேரளத்தில் இப்போது மோருக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சரக்குத்தூள். தமிழ்நாட்டிலும் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் சரக்குதான். பலசரக்குக் கடை இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

லத்தீனில் ‘வகை’யாக இருந்தது ‘சரக்கு’ ஆகி, அங்கிருந்து ஸ்பைஸ் ஆனது என்று மேலே சொன்னேன். தமிழ், யாரையும் பார்த்து எழுதாமலே, அதே சரக்கில் வந்து நின்றிருக்கிறது. இதைவிட நேரான இணை எங்கே கிடைக்கும்? என் தீர்ப்பு ‘கறிச்சரக்கு’. அரைத்துக் கலந்த தூளுக்கு மசாலா என்ற சொல் போதும், அது தமிழாகிப் பல தலைமுறை ஆகிறது. ‘சரக்கு என்றால் சாராயம்’ என்று சிரிப்பவர்களுக்குப் பதில் முன்னொட்டிலேயே இருக்கிறது. டாஸ்மாக்கில் யாரும் கறிச்சரக்கு கேட்பதில்லை.

உண்மையில் பாதி இடங்களில் பொதுப்பெயரே தேவையில்லை. நம் வீட்டில் யாராவது ‘ஸ்பைஸ் போடு’ என்று சொல்லியிருக்கிறார்களா? ‘பட்டை கிராம்பு தாளி’, ‘மல்லி மிளகாய் வறுத்து அரை’ என்று பேர் சொல்லித்தான் பேச்சு. மொழிபெயர்ப்பாளருக்கு அந்தப் பேர் தெரியாததால்தான் பொதுப்பெயரின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

‘ஸ்பைசி’ கதையும் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு ‘காரமான’ என்கிறார்கள். ஏலமும் இஞ்சியும் தட்டிப் போட்ட டீயைக் ‘காரமான தேநீர்’ என்று ஓர் உணவக அட்டையில் படித்தேன். மசாலா டீ என்று அந்தக் கடைப் பையனே சரியாகச் சொன்னான்.

பேர் சொல்ல முயன்றாலும் வழுக்குகிறார்கள். இலவங்கம் என்றால் கிராம்பு, இலவங்கப்பட்டை என்றால் பட்டை. இரண்டும் வேறு வேறு மரம். இதை மாற்றி எழுதிய குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும்விட மோசம் கருஞ்சீரகம். வடக்கே பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா என்பது மெலிந்து நீண்ட, சீரகத்தின் தாயாதி. ஆங்கிலத்தில் அதைக் கறுப்புச் சீரகம் என்றும் எழுதுவார்கள். உடனே நம்மவர் ‘கருஞ்சீரகம்’ என்று போட்டுவிடுகிறார். நம்முடைய கருஞ்சீரகமோ முக்கு முக்காக, கன்னங்கரேலென்று, கசப்போடு இருக்கும் வேறொரு செடியின் விதை. குறிப்பை நம்பி ஒன்றரைத் தேக்கரண்டி போட்டேன். அன்றைய பிரியாணி தயிர்ப் பச்சடியின் தயவில்தான் தொண்டையில் இறங்கியது.