பக்கம் புரட்டுவது சுலபம், அதைப் படிக்க வைப்பதுதான் பாடு

அச்சு இதழ் போலவே இருக்கும் மின்னிதழைத் திறந்து, கீழ் மூலையில் விரலை வைத்து இழுத்தால் தாள் மடங்கி, பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து, மடிப்பு ஓரத்தில் நிழல்கூட விழும். பெரிய தொழில்நுட்பம் என்று தோன்றும். உண்மையில் பள்ளிக்கூட வடிவியல்தான்.

மூலை முதலில் இருந்த இடம் ஒரு புள்ளி, இப்போது விரல் இருக்கும் இடம் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதை நட்டநடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு, வரைந்தால் அதுதான் மடிப்பு. மடிப்புக்கு வெளியே நிற்கும் துண்டை நிரல் வெட்டி எடுத்து, அதே வடிவத்தைக் கோட்டுக்கு மறுபுறம் கவிழ்த்து, அதன்மேல் பின்பக்கத்தின் படத்தைப் போர்த்துகிறது. வெட்டிய இடத்தில் அடியில் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான்.

ஆனால் காகிதம் இழுத்தால் நீளாது, அந்த ஒரு விஷயத்தை நிரல் மறக்கக் கூடாது. விரல் எங்கே போனாலும் சரி, தாளின் கீழ் மூலை, தைத்த ஓரத்தின் அடிமுனையிலிருந்து பக்கத்தின் அகலத்தைத் தாண்டிப் போகக் கூடாது, அந்த ஓரத்தின் மேல்முனையிலிருந்து அளந்தால் மூலைவிட்டத்தின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூலையை அந்த எல்லையிலேயே நிறுத்திவிடும், அதனால்தான் சில சமயம் விரல் ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாகப் போகின்றன. நிழல் என்பது வெறும் சாம்பல் நிறச் சாய்வு, மடிப்பை ஒட்டிக் கறுத்து, விலக விலக வெளுத்துவிடும். நிஜத் தாளின் வளைவு வேண்டும் என்றால் மட்டும் தாளை ஒரு கூம்பின்மேல் சுற்றுவதாகக் கணக்குப் போட வேண்டும். முன்பெல்லாம் இந்த வேலையை, உலாவியோடு ஒட்டிக்கொண்டு அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் செய்தது, 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. இப்போது உலாவியே சமாளித்துக்கொள்கிறது.

சரி, புரட்டியாகிவிட்டது. சிக்கல் இனிமேல்தான் ஆரம்பம்.

பெரும்பாலான இப்படிப்பட்ட மின்னிதழ்களுக்கு அடிப்படை, அச்சகத்துக்குப் போகும் அதே பிடிஎஃப் கோப்புதான். 1993-இல் அடோபி அதை வெளியிட்டதன் நோக்கமே, எந்தக் கணினியில் திறந்தாலும் எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரு நூல் அளவுகூட நகரக் கூடாது என்பது. அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்று அளந்து, ஏ4 பக்கம் என்றால் கிட்டத்தட்ட 595-க்கு 842 என்று ஒரு சட்டம் போட்டு, அதற்குள் எந்த வடிவம் எங்கே வர வேண்டும் என்று எழுதி வைக்கிறது. தலைப்பு, பத்தி, வாக்கியம் என்பதெல்லாம் தனியாகக் குறித்து வைத்தால்தான் உண்டு, பலர் குறிப்பதில்லை. எங்கே மை விழ வேண்டும் என்பது கோப்புக்குத் துல்லியமாகத் தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

தமிழில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ‘கொடி’ என்று திரையில் அழகாக இருக்கும். கோப்புக்குள் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் வடிவங்கள் கிடக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடின் வரிசையோ க முதலில், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அடுத்து. அதனால் நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் ‘ெகாடி’ என்று விழும், தேடினால் ‘கொடி’ இல்லவே இல்லை என்று கைவிரித்துவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த இதழ் என்றால் இன்னும் மோசம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள், நகலெடுத்தால் வாயில் நுழையாத குப்பைதான் மிஞ்சும்.

இதைச் சரிக்கட்டத்தான் பக்கத்தின் படத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்றைப் பரப்புகிறார்கள். நீங்கள் ஒரு வரியைத் தேய்த்துத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வாவது படத்தில் உள்ள எழுத்து இல்லை, மேலே பரப்பிய அந்த அடுக்கு. இரண்டும் சற்று விலகியிருந்தால் நீலப் பட்டை வரிக்கு மேலேயோ கீழேயோ தப்பி நிற்கும்.

எழுத்தே வேண்டாம், பக்கம் மொத்தத்தையும் படமாகவே கொடுத்துவிடலாம் என்றும் ஒரு வழி உண்டு. 2010-இல் ஐபேட் வந்த புதிதில் வயர்டு இதழ் அப்படித்தான் வந்தது, நிமிர்த்திப் பிடிக்க ஒரு படம், படுக்கைவாட்டில் பிடிக்க இன்னொரு படம். ஒரே இதழ் சுமார் 500 எம்பி! இன்று பக்கத்தைச் சிறு சதுரங்களாக நறுக்கி, பெரிதாக்கும்போது தேவைப்படும் சதுரங்களை மட்டும் இறக்குகிறார்கள், அடுத்த ஓரிரு பக்கங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் போனில் எந்தத் தந்திரமும் எடுபடாது. 21 சென்டிமீட்டர் அகலப் பக்கத்தை 7 சென்டிமீட்டர் திரையில் அடைத்தால் 9 பாயிண்ட் எழுத்து 3 பாயிண்ட் ஆகிவிடும். பெரிதாக்கி, பத்தி பத்தியாக மேலும் கீழும் இழுத்துப் படிப்பது, என்னைக் கேட்டால், படிப்பே இல்லை. ஆகவே நல்ல ஆப்கள் ஒவ்வொரு கட்டுரையும் பக்கத்தில் எந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிறது என்று குறித்து வைத்து, அங்கே தட்டினால் திரைக்கேற்ப மடங்கும் தனி எழுத்தாகத் திறக்கின்றன.

அப்படியானால் பக்கத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? செலவு ஒரு காரணம், அச்சுக்குச் செய்த கோப்பு கையில் தயாராக இருக்கிறது. இன்னொன்று விளம்பரம். முழுப்பக்கத்துக்குக் காசு கொடுத்தவருக்கு முழுப்பக்கமே போய்ச் சேர வேண்டும், அமெரிக்காவில் இதழ் விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்புகூட அச்சின் நகலாக வரும் மின்னிதழ்களுக்கு ‘ரெப்ளிகா’ என்று தனிப் பெயர் வைத்தே கணக்கெடுத்தது. கட்டுரையைத் தட்டித் தனி எழுத்தாகப் படிப்பவர் கண்ணில் அந்த விளம்பரம் படுவதில்லை.