பத்திரிகைப் பிரபு: எந்த ஊர்ப் பிரபு?

போன வாரம் வேலூரில் ஒரு கூட்டம். பேசியவர், வெள்ளைக்காரன் காலத்தில் பத்திரிகைகள் நடத்திய சதானந்தை ‘பத்திரிகைப் பிரபு’ என்று மூன்றாம் முறை சொன்னபோது, பக்கத்திலிருந்த பழைய அச்சுக்கோப்பாளர் என் காதில் கேட்டார்: “இவரு எந்த வருஷம் சார் கவர்னரா இருந்தாரு?”

அவர் கேட்டதில் தப்பில்லை. பிரபு வடசொல், தலைவன், வல்லவன் என்று பொருள். ஆனால் நம் பாடப்புத்தகத்தில் அது லார்டு என்பதன் தமிழ். ரிப்பன் பிரபு, கர்சன் பிரபு. வேலூர்க்காரனுக்கு இன்னும் நெருக்கம், பெண்டிங் பிரபு: 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கும்பினியார் திருப்பி அழைத்துக்கொண்ட சென்னை கவர்னர்.

பல பத்திரிகைகளைக் கையில் வைத்திருப்பவரை ஆங்கிலத்தில் சொல்கிற ‘பிரஸ் பாரன்’ என்பதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது. லண்டனில் அந்தப் பேர் பொருந்தும். டெய்லி மெயில் நடத்திய ஹார்ம்ஸ்வொர்த்துக்கு 1905-ல் பட்டம் கொடுத்து நார்த்கிளிஃப் பிரபு ஆக்கியது பிரிட்டிஷ் அரசு. சதானந்துக்கு என்ன கொடுத்தது? பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னல் தொடங்கினார், சென்னைவரை வந்து இந்தியன் எக்ஸ்பிரஸையும் தினமணியையும் நடத்தினார். அவரிடம் அந்த அரசு கேட்டது, பத்திரிகை நடத்த முன்கூட்டியே கட்டவேண்டிய ஜாமீன் தொகை. பிறகு அதையும் பறிமுதல் செய்தது. பட்டம் வாங்கியவனுக்கும் பணம் பறிகொடுத்தவனுக்கும் ஒரே சொல்லா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘இதழ்க்கோமான்’ என்கிறார். வடமொழி போயிற்று, சரி. பிரபுத்தனம் போகவில்லையே. வேட்டி மாற்றிக்கட்டினால் ஆள் மாறிவிடுவானா?

‘அதிபர்’ தேவலாம். ஆனால் அமெரிக்காவுக்கும் அதிபர், ஆலைக்கும் அதிபர். இலங்கைத் தமிழரிடம் சொல்லிப் பாருங்கள், பள்ளித் தலைமை ஆசிரியரைத் தேடுவார்.

என் ஓட்டு ‘பத்திரிகை முதலாளி’க்கு. முதல் போட்டு ஆளுபவர் முதலாளி. ஆம்பூர் தோல் ஷாப்பிலும் குடியாத்தம் பீடிக் கம்பெனியிலும் இன்றும் வாய்நிறையச் சொல்கிற சொல். “மேடையில் முதலாளி என்றால் திட்டுவதுபோல் இருக்கிறதே” என்றார் கோமான் நண்பர். அது கோஷம் போட்டவர்கள் ஏற்றிய காரம், சொல்லில் இல்லை. தவிர, சதானந்த் போட்ட முதலைத்தான் சர்க்கார் பிடுங்கியது.

‘பத்திரிகைப் பேரரசு’ இன்னொரு கொடுமை. அன்றைக்கு இங்கே பேரரசு ஒன்றே ஒன்றுதான், அது லண்டனில் இருந்தது. அதை எதிர்த்து எழுதியவன் தலையிலும் அதே கிரீடமா? ‘பத்திரிகைக் குழுமம்’ என்றால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், ஒருநாள் கோட்டை மைதானத்தில் நின்று அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.