தெய்வம் ஆடுபவரும் குரல் கேட்பவரும்

வைகாசி பிறந்தால் இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு முதல் மட்டக்களப்பின் வடக்குவரை கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கு முடியும்வரை ஊருக்கு நித்திரை குறைவு. இந்தக் கரையோரக் கோயில்கள் பலவற்றில் சடங்கு நாட்களில் உடுக்கு ஒலிக்க ஒருவர்மேல் தெய்வம் இறங்கும். ஆடுவார், வாக்குச் சொல்வார், தெய்வம் மலையேறியதும் சோர்ந்து உட்காருவார். அடுத்தநாள் வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவார். அவரை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில்லை.

அதே ஊரில் ஓர் இளைஞன், அம்மன் தன்னோடு கதைக்கிறாள் என்கிறான். பல வாரங்களாக நித்திரையில்லை, குளிப்பில்லை, தாய் போட்ட சோற்றில் நஞ்சு என்று கோப்பையைத் தள்ளுகிறான். இருவரும் சொல்வது ஒன்றுதான். ஆனாலும் கோயிலோடு பழகிய பெரியவர்கள் பெரும்பாலும் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்கள். ஒருவருக்குத் தெய்வம் கூப்பிட்ட இடத்தில் வந்து, அனுப்பும்போது போகிறது. அவர் சொல்லும் வாக்கு ஊருக்கானது. மற்றவனுக்கு அது கேளாமல் வருகிறது, போகமாட்டேன் என்கிறது, அவனைத் தனியாக்குகிறது. உளமருத்துவரும் இதைத்தான் பார்க்கிறார்: எதை நம்புகிறான் என்பதைவிட, அந்த நம்பிக்கை அவன் சாப்பாட்டையும் நித்திரையையும் உறவையும் என்ன செய்கிறது என்பதை.

உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உளப்பிளவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது. மூளையில் டோபமின் என்ற இரசாயனத்துக்கு ஒரு வேலை, 'இது முக்கியம், கவனி' என்று அடையாளம் போடுவது. இந்த நோயில் அந்த அடையாளம் கண்டதற்கெல்லாம் விழுகிறது என்று 2003இல் ஷிதிஜ் கபூர் என்ற உளமருத்துவர் விளக்கினார். நாய் குரைத்தது, பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தது, எல்லாமே தன்னைப் பற்றியவை. தன் மனப்பேச்சைத் தன்னுடையது என்று மூளை அடையாளம் காணத் தவறும்போது அது வெளியிலிருந்து வரும் குரலாகக் கேட்கிறது என்பது இன்னொரு விளக்கம்.

இப்படித் தலைக்குள் குவியும் 'முக்கியம்' எல்லாவற்றுக்கும் மனம் ஒரு காரணம் தேடும். அந்தக் காரணம் வீட்டிலும் ஊரிலும் கேட்டுப் பழகியதாகவே இருக்கும். சைவ வீட்டில் சூனியம் அல்லது அம்மன், முஸ்லிம் வீட்டில் ஜின், யுத்தத்துக்குள் வளர்ந்தவருக்கு ஆமியும் புலனாய்வும். (பின்னால் ஆள் வருகிறது என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நோயாக இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.) மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் குரல் கேட்கும் 60 பேரிடம் கதைத்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்மமான குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்களின் குரல்: குளி, வேலையைப் பார் என்று ஏசும், புத்தியும் சொல்லும். மதம் நோயைக் கொண்டுவரவில்லை, ஆனால் குரல் எந்தத் தொனியில் வருகிறது என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

நோயோடு வாழ்வதில் மதம் உதவுகிறதா? ஜெனீவாவில் சிகிச்சைக்கு வந்துபோன 115 பேரிடம் எடுத்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. மதம் நம்பிக்கையும் வாழ்வுக்கு அர்த்தமும் தருகிறது என்றவர்கள் 71 சதவீதம், ஆன்மீக விரக்தியில் தள்ளியது என்றவர்கள் 14 சதவீதம். தற்கொலை முயற்சியிலிருந்து தடுத்தது என்றவர்கள் 33, தூண்டியது என்றவர்கள் 10. குளிசை விஷயத்தில் மட்டும் தராசு ஏறக்குறையச் சமம்: எடுக்கத் துணைநின்றது 16, எதிர்க்கவைத்தது 15. மதத்தின் நன்மையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைச் சொல்வது குறைவு.

தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் உளப்பிளவு நோயாளர். மருந்தில்லாமல் சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. பேயோட்டல் எதுவுமில்லை. காலை வழிபாடு, கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பக்கத்தில் ஒரு சொந்தக்காரர், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் இதை வைத்துக் குளிசையை வீசமுடியாது. ஆனால் குற்றம் சொல்லி ஏசும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று லண்டன் ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. ஏச்சில்லாத இடம் ஏன் ஆறுதல் தருகிறது என்பது அதிலிருந்து புரியும். 'சூனியம்' என்று சொல்லும் வீட்டிலும் இதே நன்மை ஓரளவு உண்டு, பழி பிள்ளைமேல் விழாது. விழுவது வளவுச் சண்டை போட்ட மச்சான்மேல். இன்னொரு எல்லையும் இருக்கிறது: 2001 ஓகஸ்ட் 6இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவந்து சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் இறந்தார்கள்.

நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும் குளிசையோடு சண்டைபிடிப்பவை அல்ல. சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. மருந்து தொடங்காமல் போகும் மாதங்கள் கூடக்கூடப் பிறகு தேறுவது கடினம். அடுத்தது நித்திரை. சடங்கு இரவுகளில் தொடர்ந்து விழித்தால் அடங்கியிருந்த நோய் கிளம்பலாம். நோன்பு காலத்தில் குளிசை நேரத்தை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் மாற்றலாமா என்று கிளினிக்கில் கேட்கவேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. மாத ஊசி போடுபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு.

உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும், குளோசபின் என்ற உளப்பிளவு நோய்க் குளிசை எடுப்பவருக்கு ஒரு விஷயம். காட்டுக்குள் இரண்டு நாளுக்கு மேல் குளிசை விட்டுப்போனால், திரும்பிவந்து பழைய அளவை ஒரேயடியாக விழுங்கக்கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றவேண்டும், அதையும் கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான்.