தெர்மோஸ்டாட் வாங்குறதுக்கு முன்னாடி சுவத்துல எத்தன வயர் இருக்குன்னு பாருங்க

மிஷிகன்ல நாங்க இந்த வீட்ட வாங்கி குடி வந்தப்போ ஹால் சுவத்துல தங்கக் கலர்ல வட்டமா ஒரு டப்பா இருந்துச்சு, அதுதான் தெர்மோஸ்டாட், வீட்டு ஹீட்டர எப்ப ஓட விடணும், எப்ப நிறுத்தணும்னு பாத்துக்கற ஸ்விட்ச். ஹனிவெல் 1953ல மார்க்கெட்டுக்கு கொண்டு வந்த டிசைன், வரைஞ்சவர் ஹென்றி ட்ரைஃபஸ். மூடியக் கழட்டிப் பாத்தா உள்ள கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு தகடு, அது நுனியில சின்னக் கண்ணாடிக் குமிழ், அதுக்குள்ள ஒரு சொட்டு பாதரசம் உருண்டுக்கிட்டு இருக்கு. அவ்ளோதான் மொத்த மெஷினும்.

அந்தச் சுருள் ரெண்டு உலோகத்த ஒட்டி செஞ்சது. சூடானா ஒண்ணு கூட நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும், ஆனா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கறதால தனித்தனியா நீள வழியில்லாம தகடு வளையும். நம்ம ஊர் அயர்ன் பாக்ஸ் காட்டன்ல வச்சு கொஞ்ச நேரத்துல டிக்னு லைட் அணையுதே, அதுக்குள்ள இருக்கறதும் இதே ஆளுதான். இங்க வீடு குளிர்ந்தா சுருள் ஒரு பக்கம் திரும்பும், குமிழ் சாயும், பாதரசம் உருண்டு போய் ரெண்டு கம்பியையும் தொடும், கரண்ட் பாஸ் ஆகும், பேஸ்மென்ட்ல ஃபர்னஸ், அதாவது வீட்டுக்கே சூடு குடுக்கற மெஷின், ஓட ஆரம்பிக்கும். சூடானா எல்லாம் தலைகீழா நடக்கும்.

இதோட ஆரம்பம் ஒரு ஸ்கூல் கதை. விஸ்கான்சின்ல வொயிட்வாட்டர்னு ஒரு ஊரு, அங்க வாரன் ஜான்சன்னு ஒரு வாத்தியார், க்ளாஸ் ரூம் சூடா இருக்கா குளிரா இருக்கான்னு பாக்க ஆள் அடிக்கடி உள்ள வந்து போறது அவருக்கு பெரிய தொந்தரவு. அதனால அவரே எலக்ட்ரிக்ல ஒண்ண செஞ்சு 1883ல பேடன்ட் வாங்கினாரு. ஜான்சன் கன்ட்ரோல்ஸ்னு பெரிய கம்பெனி இருக்கே, அது அவர் ஆரம்பிச்சதுதான்.

இப்ப விக்கிற டச் ஸ்கிரீன் மாடல்ல சுருளும் இல்ல பாதரசமும் இல்ல, தெர்மிஸ்டர்னு மிளகு சைஸுல ஒரு பொருள், சூடு ஏற ஏற அதோட மின்தடை குறையும், அத வச்சு உள்ள இருக்குற சிப் டிகிரி கணக்கு போடும். ஆனா கடைசியில அது செய்யற வேலை அதே ஆன், ஆஃப்தான். இத மறந்துட்டுதான் முக்காவாசி பேர் தப்பு பண்றோம். வெளிய இருந்து நடுங்கிக்கிட்டே வந்ததும் 80 டிகிரி ஃபாரன்ஹீட்ல வச்சா சீக்கிரம் சூடாகும்னு நெனப்பு, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. இது ரெகுலேட்டர் இல்லீங்க, மொட்டமாடி டேங்க்ல மோட்டார நிறுத்த மிதவை போடுவோமே அது. மிதவைய மேல ஏத்திக் கட்டினா தண்ணி வேகமா வராது, ரொம்ப நேரம் ஓடி அதிகமா ரொம்பும், அவ்ளோதான். ஒரே வேகத்துல ஓடற சாதாரண ஒரு ஸ்டேஜ் ஃபர்னஸ் 70க்கும் அதே வேகம், 80க்கும் அதே வேகம்.

இன்னொரு வாதம் எல்லா பார்ட்டியிலயும் வரும், "ராத்திரி குறைச்சு வச்சா காலையில திரும்ப சூடேத்தறதுக்கே எல்லாம் போயிடும், அதுக்கு அப்படியே விட்ரலாம்". ஓட்டைக் குடத்த நெனச்சுக்கோங்க. தண்ணி எவ்ளோ உசரமா நிக்குதோ அவ்ளோ வேகமா ஒழுகும், மட்டம் கம்மியா இருந்தா மெதுவா ஒழுகும். வீடும் அப்படித்தான், உள்ளயும் வெளியயும் இருக்கற வித்தியாசம் எவ்ளோவோ அவ்ளோ வேகத்துல சூடு வெளிய போகும். ராத்திரி 8 மணி நேரம் மட்டத்த இறக்கி வச்சா அந்த நேரத்துல ஒழுகினது கம்மி, காலையில ரொப்ப வேண்டியதும் அந்தக் கம்மிதான். தினம் 8 மணி நேரம் 7லருந்து 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாத்தி வச்சா வருஷத்துக்கு 10 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, ஹீட் பம்ப் வச்சிருக்கவங்க கொஞ்சம் நில்லுங்க. அது வெளிக்காத்துல இருக்கற சூட்ட உள்ள இழுத்துப் போடற ஏசி, தலைகீழா ஓடற ஏசின்னு வச்சுக்கலாம், ஒரு யூனிட் கரண்டுக்கு ரெண்டு மூணு யூனிட் சூடு கூட தரும். ஆனா காலையில திடீர்னு 8 டிகிரி ஏத்தச் சொன்னா அதால சட்டுன்னு முடியாது, உடனே ஆக்ஸிலரி ஹீட்டுன்னு உள்ள இருக்கற எலக்ட்ரிக் காயில் ஆன் ஆகிடும், அது ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான், மிச்சம் புடிச்சதெல்லாம் அங்கயே போயிடும். அதனால அந்த காயில எப்ப விடணும்னு முடிவு பண்ணத் தெரிஞ்ச மாடலா பாத்து வாங்கணும்.

சரி, எத வாங்கறது? என் அனுபவத்துல பிராண்ட் ரெண்டாவது, வயர்தான் மொதல்ல. ஃபர்னஸ் ப்ரேக்கர அணைச்சுட்டு பழசக் கழட்டிப் பாருங்க. ஒவ்வொரு வயர் மாட்டற எடத்துலயும் ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ஆர்ங்கறது 24 வோல்ட் வர்ற வயர், டபிள்யூ ஹீட்டிங், ஒய் கூலிங், ஜி ஃபேன், சி திரும்பிப் போற வயர். கலர நம்பாதீங்க, எந்த எழுத்துல மாட்டியிருக்குன்னு போட்டோ எடுத்துக்கோங்க. அந்தப் பாதரச டப்பாவுக்கு தனியா கரண்டே வேணாம், அதனால பழைய வீடுங்கள்ல சி மாட்டியிருக்கவே மாட்டாங்க. வைஃபை மாடலுக்கு 24 மணி நேரமும் கரண்ட் வேணும், சி இல்லாட்டி சிலது மத்த வயர்லருந்து கொஞ்சமா திருடி ஓட்டிக்கும், பல வீட்ல பிரச்சனை வராது, சில வீட்ல ஃபர்னஸ்ல இருக்கற ரிலேங்கற ஸ்விட்ச் சும்மா டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். எங்க வீட்ல நாலு வயர்தான் தெரிஞ்சுது. கேபிள கொஞ்சம் வெளிய இழுத்தா அஞ்சாவதா ஒரு நீல வயர், யாரோ புண்ணியவான் மேலுறையச் சுத்தி முடிச்சு போட்டு விட்டுட்டுப் போயிருக்காங்க. கீழ போயி ஃபர்னஸ் போர்டுலயும் அதே நீலத்த சி திருகுல மாட்டினேன், வேலை முடிஞ்சுது. தடியா ரெண்டே வயர் இருந்து, ரூம்ல எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர் இருந்துச்சுன்னா அது 240 வோல்ட்டா இருக்கலாம், கை வைக்காதீங்க, அதுக்கு மாடலே வேற.

மாடல்னு பாத்தா, 2011ல வந்த நெஸ்ட் நம்ம பழக்கத்தப் பாத்து தானே கத்துக்கும்னு பேர் வாங்குச்சு. டொராண்டோ கம்பெனி எக்கோபீ ரூமுக்கு ரூம் சென்சார் வைக்க விடுது. சென்சார் நல்ல விஷயம்தான், ஆனா ஒரு ரூமுக்கு மட்டும் சூடான காத்த அனுப்ப அதால முடியாது, எந்த ரூமோட டிகிரிய நம்பறதுங்கறத மட்டும்தான் மாத்தும். நாள் முழுக்க வீட்ல ஆள் இருந்து, ராத்திரி கையாலயே குறைக்கற பழக்கமும் இருந்தா இவ்ளோ காசு போடத் தேவையில்லைங்கறது என் கருத்து, ப்ரோக்ராம் பண்ற சாதா மாடலே போதும்.

எடம்தான் எங்கள ரொம்பப் படுத்துச்சு. எங்க தெர்மோஸ்டாட் கிச்சனுக்கு பக்கத்து சுவர்ல. ஞாயித்துக்கிழமை தோசைக்கல்லு அடுப்புல ஏறினா ஹால் 72க்கு போயிடும், ஃபர்னஸ் நின்னுடும், மாடியிலருந்து அம்மா ஸ்வெட்டரோட எறங்கி வந்து "ஏம்ப்பா, ஹீட்டர் ஓடலையா?"ம்பாங்க. இப்போ மாடியில ஒரு சென்சார் வச்சு காலையில அத மட்டும் பாக்கச் சொல்லிட்டேன். வெயில் விழற சுவரு, ஏர் வென்ட்டுக்கு எதிர்ல, வாசக்கதவு பக்கம் எல்லாம் இதே தொல்லைதான். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல, வயர் வர்ற ஓட்டை வழியா சுவத்துக்குள்ள இருக்கற குளிர்காத்து வந்து சென்சார் முதுகுல அடிக்கும். பெயின்ட் கடையில கிடைக்கற சுவர்ப் பட்டி கொஞ்சம் அப்பி அடைச்சா போதும், எங்க வீட்ல அதுக்கே ரெண்டு டிகிரி வித்தியாசம் காட்டுச்சு.

கழட்டின அந்த வட்ட டப்பாவ குப்பையில போடக் கூடாது, உள்ள பாதரசம். குமிழ் உடையாம ஷூ டப்பாவுல பேப்பர் சுத்தி வச்சு கவுன்டியில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அபாயக் கழிவு வாங்கற நாளுக்காக வச்சிருந்தேன், அதுவரைக்கும் பையன் தினமும் ஒரு தடவை திறக்கச் சொல்லி, நான் புடிச்சு சாய்ச்சு காட்ட, அந்தச் சொட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடறதப் பாத்துக்கிட்டே நின்னான்.