ஃபேஸ்: முனையா, கட்டமா?

"மூணு ஃபேஸ் வந்திருச்சு, மோட்டாரைப் போடு." பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கம் போர் வைத்து வெள்ளாமை செய்பவர்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மின்வாரிய விண்ணப்பத்தில் இதே சங்கதி 'மும்முனை' என்று இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் திறந்தால் 'கட்டம்', 'கட்ட வேறுபாடு'. பேச்சில் ஒன்று, படிவத்தில் ஒன்று, பாடத்தில் ஒன்று. எது சரி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

வேர் கிரேக்கம். 'ஃபாசிஸ்' என்றால் தோற்றம், வெளிப்படுதல். லத்தீன் வழியாக வானியலுக்குள் வந்தபோது நிலவின் வளர்ச்சி தேய்வுகளைக் குறித்தது. நாம் 'கலை' என்றும் 'பிறை' என்றும் சொல்கிறோமே, அதுதான். அங்கிருந்து, சுற்றிச் சுற்றி வரும் எந்த ஒன்றும் இந்த நொடியில் தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதற்கான அறிவியல் சொல்லாயிற்று.

மின்சாரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று போடுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. மின்கம்பத்தில் ஓடும் மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் ஒரே மாதிரிதான் ஏறி இறங்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று மூன்றில் ஒரு சுற்று, அதாவது ஏறத்தாழ 6.7 மில்லி நொடி பிந்தி. ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் குத்து இடைவிடாமல் விழுவதுபோல, மோட்டாருக்கும் சுழற்றும் விசை விட்டுவிட்டு வராமல் சீராகக் கிடைக்கிறது. 1891இல் ஜெர்மனியில் லௌஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் இப்படி மின்சாரம் கொண்டுபோய்க் காட்டினார்கள். மூன்று ஃபேஸ் முறை உலகெங்கும் பரவ அது பெரிய தூண்டுதல்.

ஆக, ஃபேஸ் என்பது முதலில் காலத்தைக் குறித்த சொல். லைன்மேன் கையில் அது கம்பியின் பெயராகிவிட்டது. 'ஃபேஸ் ஒயர்', 'ஆர் ஃபேஸ்', 'ஒய் ஃபேஸ்', 'பி ஃபேஸ்' என்பதெல்லாம் கம்பிகள்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் கணக்கு புரியும். துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கிலோவோல்ட் லைனில் மூன்று கம்பிகள் மட்டுமே இருக்கும். சில வட்டாரங்களில் இது 22 கிலோவோல்ட். ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகள் இந்த உயரழுத்தத்தை அப்படியே வாங்கி, தங்கள் வளாகத்தில் இறக்கிக்கொள்ளும். ஊருக்குள் வரும் லைன், கைப்பிடி வைத்த ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்ச், கம்பிக்கு ஒன்றாக மூன்று ஹெச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸ் ஆகியவற்றைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது கம்பி நான்கு: மூன்று ஃபேஸ், மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பியான ஒரு நியூட்ரல். ஐந்தாவதாக ஒன்று ஓடினால் அது தெருவிளக்குக்கு. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230. முந்தையது பிந்தையதைப்போல் 1.732 மடங்கு. மூன்று அலைகளும் மூன்றில் ஒரு சுற்று விலகி நிற்பதால் வரும் எண் அது.

"ஃபேஸ் போச்சு" என்பது ஒரே வாக்கியம். ஆனால் கோளாறு ஒன்றல்ல. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே, தாழ்வழுத்தப் பக்கம் ஒரு ஃபியூஸ் போனால், அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருண்டுவிடும். எதிர் வரிசையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். உயரழுத்தப் பக்கம் ஹெச்.ஜி. ஃபியூஸ் ஒன்று போனால் கதை வேறு. அந்தப் பக்கச் சுருள்கள் முக்கோணமாகப் பிணைந்திருப்பதால், ஒரு ஃபேஸில் சரியான அழுத்தம் வரும். மற்ற இரண்டிலும், சுமையைப் பொறுத்துக் கூடக்குறைய, பாதிதான் வரும். குண்டு பல்பு சிவப்பாக மினுங்கும், ஃபிரிட்ஜ் முனகும். கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் சூடாகிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவதில் போவது ஃபேஸே இல்லை, நியூட்ரல். ஆனாலும் ஊரில் இதற்கும் "ஃபேஸ் மாறிருச்சு" என்றுதான் பெயர். நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். சாமான் அதிகம் ஓடும் பக்கம் அழுத்தம் விழும். ஒரு பல்பு மட்டும் எரியும் வீட்டில் 300க்கு மேலும் ஏறிவிடும். விளக்கு திடீரென்று கண் கூசும்படி எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கோ உங்கள் பிரிவு அலுவலகத்துக்கோ சொல்லுங்கள்.

மோட்டார்காரர்களுக்குத் தனிப் பாடம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனாலும் அது நின்றுவிடாது, அங்கேதான் வினை. 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். இரண்டு கம்பியில் அதே வேலையைச் செய்ய ஏறத்தாழ 26 இழுக்க வேண்டும். மின்னோட்டம் 1.73 மடங்கானால் சூடு மூன்று மடங்கு. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது 'காயில்', கருக அதிக நேரம் ஆகாது. ஆயிரம் அடி போரில் காயில் கட்டும் கூலியைவிட, மோட்டாரை மேலே ஏற்றி இறக்கும் செலவுதான் முதுகை ஒடிக்கும். ஸ்டார்ட்டரில் ஃபேஸ் போனதும் தானே அணைக்கும் தடுப்பான் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்த்து வைப்பது நல்லது.

மூன்று ஃபேஸை முறைவைத்து விட்ட காலங்களில் கன்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் வந்தது. அது மோட்டாருக்குக் கெடுதல். அதைவிட லைன்மேனுக்கு ஆபத்து. அப்படி ஓடும் மோட்டார் மூன்றாவது கம்பியில் தானே அழுத்தத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். 'செத்த' கம்பி என்று நினைத்துத் தொட்டால் அது செத்திருக்காது. டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது என்பதும் இதனால்தான்: திரும்பி வரும் மின்சாரத்துக்கும் அது எரியும், பாதி அழுத்தத்துக்கும் எரியும். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று அளவும் 400ஐ ஒட்டி இருந்தால்தான் மூன்று ஃபேஸ்.

வரிசையும் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியபின் இரண்டு கம்பிகள் இடம் மாறிக் கட்டப்பட்டால், அதிலிருந்து மின்சாரம் வாங்கும் மோட்டார்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் சன்னமாக வரும். ஸ்டார்ட்டரில் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அலையைப் பற்றிப் பேசும்போது 'கட்டம்' சரி. 'கட்ட வேறுபாடு' என்றால் மாணவருக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கம்பிக்கு வைத்தால் குழப்பம்தான். 'ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் இரண்டாம் கட்டம்' என்று செய்தி படித்துப் பழகிய காதுக்கு, 'இரண்டாம் கட்ட மின்சாரம்' என்றால் ஏதோ திட்டத்தின் அடுத்த பகுதி என்றுதான் படும். 'கலை' அழகான சொல், மூலப்பொருளுக்கும் மிக நெருக்கம். ஆனால் "மூணு கலை வந்திருச்சு" என்று நம் பக்கம் யாரும் சொல்லப்போவதில்லை. 'முனை' நேர் மொழிபெயர்ப்பே அல்ல. கம்பி வந்து சேரும் நுனியைத்தான் அது சொல்கிறது. ஆனால் பயன்படுத்துகிறவர் மனத்தில் இருப்பதும் அந்தக் கம்பிதானே! 'ஒருமுனை', 'மும்முனை', 'முனை இழப்பு', 'முனை வரிசை' என்று அடுத்தடுத்த சொற்களும் உறுத்தாமல் பிறக்கின்றன. கம்பிக்கு முனை, அலைக்குக் கட்டம் என்று பிரித்து வைத்துக்கொள்வதே என் முடிவு.

வீட்டு இணைப்பு விண்ணப்பத்தில் 4 கிலோவாட் வரை 'ஒருமுனை', அதற்கு மேல் 'மும்முனை' என்று நிரப்ப வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. கடையில் 'நாலு முனை' ஐசோலேட்டர் என்று கொடுப்பது நான்கு ஃபேஸுக்கானது அல்ல. மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது. நான்கு ஃபேஸ் மின்சாரம் எந்த ஊர்க் கம்பத்திலும் வருவதில்லை.