துப்பாக்கி டூட்டிக்கு போறீங்களா? லைசென்ஸ் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க

எங்க கடை கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ல. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மனு டைப்பிங் எல்லாம் பண்றோம். பட்டாளத்துல 17 வருஷம் இருந்துட்டு ஊருக்கு வந்த அண்ணன் ஒருத்தர் ஒரு நாள் ஒரு பேப்பரை நீட்டி, "தம்பி இத லேமினேட் போட்டுக் குடுப்பா, பாக்கெட்லயே வச்சிருக்கணுமாம்"னார். செக்யூரிட்டி ஏஜென்சி லெட்டர்பேடு, கீழ ரவுண்டு சீல், இன்னார் எங்கள் துப்பாக்கியை பணி நிமித்தம் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறார்னு நாலு வரி. நானும் 30 ரூபா வாங்கிட்டு லேமினேட் போட்டுக் குடுத்தேன்.

கொஞ்ச மாசம் கழிச்சு எலெக்‌ஷன் செக்கிங்ல அவர் போன ஏடிஎம் பண வண்டிய மடக்கி லைசென்ஸ் கேட்டிருக்காங்க, இவர் பெருமையா அந்த லெட்டரை எடுத்துக் காட்டியிருக்கார். துப்பாக்கி லைசென்ஸ் வேற ஒருத்தர் பேர்ல, அந்த ஆள் ஏஜென்சிய விட்டு நின்னே ரொம்ப நாள் ஆச்சு. கேஸ் இவர் மேல. ஏஜென்சிக்கு போன் போட்டா, அவர் எங்க ஸ்டாஃபே இல்ல, ஆள் இல்லாத அன்னிக்கு கூப்பிட்டா வருவார், அவ்ளோதான்னு கைய விரிச்சுட்டாங்க. இப்போ ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகுது. அந்த லெட்டர் லேமினேஷனோட கோர்ட்ல இருக்கு. அதனாலதான் இத எழுதுறேன், எனக்கும் தூக்கம் வரல.

சட்டம் ரெண்டு இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டம், அதுக்கு 2016ல வந்த விதிகள். செக்யூரிட்டி கம்பெனிக்கு 2005ல வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டம், இங்கிலீஷ்ல சுருக்கமா PSARA, ஃபீல்டுல எல்லாரும் பசாரான்னு சொல்வாங்க. துப்பாக்கி லைசென்ஸ் போலீஸ் கமிஷனரேட் இருக்கிற சிட்டினா கமிஷனர் ஆபீஸ், மத்த இடத்துல கலெக்டர் ஆபீஸ். விளையாட்டுக்கு சுடறவங்க, பயிர் காக்க வச்சிருக்கறவங்க கதையெல்லாம் இங்க வேணாம், நான் பேசறது சம்பளத்துக்கு துப்பாக்கி தூக்கறவங்களுக்கு மட்டும்.

முதல்ல அந்த லெட்டர் விஷயம். லைசென்ஸ்காரர் எழுதிக் குடுத்தா இன்னொருத்தர் துப்பாக்கிய கொண்டு போகலாம்னு ஆயுதச் சட்டம் 3வது பிரிவுல ஒரு விலக்கு நிஜமாவே இருக்கு. ஆனா எதுக்கு? ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, இல்லனா அந்த லைசென்ஸ்காரரே பயன்படுத்தறதுக்காக கொண்டு போய் குடுக்க. அவ்ளோதான். நீங்க அத தோள்ல மாட்டிக்கிட்டு பேங்க் வாசல்ல 12 மணி நேரம் நிக்கறது இதுல எதுலயும் வராது. ஏஜென்சி மேனேஜர் அந்தப் பாதி வரிய மட்டும் படிச்சுட்டு லெட்டர் அடிச்சுக் குடுத்துடறார், மாட்டறது நாம. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில், அபராதம் வேற. இந்த ரிஸ்க்குக்கு மாசச் சம்பளத்துல எவ்ளோ சேத்துத் தர்றாங்கன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

சரியான முறை என்னன்னா, லைசென்ஸ் பேங்க் பேர்லயோ கம்பெனி பேர்லயோ இருக்கணும், அதுல ரிட்டெய்னர்னு, அதாவது லைசென்ஸ்காரருக்காக துப்பாக்கி தூக்க அனுமதி உள்ள ஆள்னு, உங்க பேர் ஏறியிருக்கணும். "அப்ளை பண்ணியாச்சு, வந்துரும்"னு சொன்னா வந்த அப்புறம் துப்பாக்கிய தொடறேன், அதுவரைக்கும் லத்தி டூட்டி குடுங்கன்னு சொல்லுங்க. மூஞ்சிய தூக்குவாங்க, தூக்கட்டும். டூட்டி மாறும்போது துப்பாக்கி நம்பர், தோட்டா எத்தனை, யார் கையிலருந்து யார் கைக்கு போச்சுன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வேணும், ரெஜிஸ்டர் இல்லனா ஒரு 20 ரூபா நோட்டு வாங்கி நீங்களே ஆரம்பிங்க. தோட்டா ஒண்ணு குறைஞ்சாலும் கடைசியா வச்சிருந்தவன் யாருன்னுதான் முதல் கேள்வி வரும்.

அடுத்தது சொந்த துப்பாக்கி. நம்ம எக்ஸ் சர்வீஸ்மேன் நிறைய பேர் வெளிய வந்ததும் தற்காப்புக்குன்னு லைசென்ஸ் எடுத்து ஒரு 12 போர் டபுள் பேரல் வாங்கி, அத காட்டித்தான் கன்மேன் வேலை வாங்கறாங்க. ஏஜென்சிக்கு கொண்டாட்டம், துப்பாக்கிக்கும் செலவில்ல, பொறுப்பும் இல்ல. ஆனா தற்காப்புக்குன்னு வாங்கின லைசென்ஸ்ல அடுத்தவன் பணத்துக்கு காவல் நிக்கறது கண்டிஷன் மீறல்னு எந்த இன்ஸ்பெக்டர் வேணும்னாலும் எழுதலாம், 17வது பிரிவுல லைசென்ஸ சஸ்பெண்டோ ரத்தோ பண்ண சிபாரிசு போகும். லைசென்ஸ் புக்கை எடுத்து என்ன நோக்கம்னு எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க. அப்படியே எந்த ஏரியாவுக்கு செல்லும்னும் பாருங்க, சில பேருக்கு மாவட்டம், சில பேருக்கு தமிழ்நாடு. பண வண்டி ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள்ள போயிட்டா அது கர்நாடகா, தமிழ்நாட்டுக்கு மட்டும்னு எழுதின லைசென்ஸ் அங்க வெறும் பேப்பர். ரூட் போடற சூப்பர்வைசருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டார்.

இப்போ ஏஜென்சிய எப்படி பாக்கறது. பசாரா லைசென்ஸ் இல்லாம கம்பெனி நடத்தவே கூடாது, நடத்தினா ஓனருக்கு 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லனா 25,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். லைசென்ஸ் 5 வருஷத்துக்குதான் செல்லும், அத ஆபீஸ்ல எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டி வைக்கணும்னே சட்டம் சொல்லுது. சாமி படத்துக்கு பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க, கும்பிட்டுட்டு வந்துடாம தேதிய பாருங்க, எந்த மாவட்டத்துக்குன்னும் பாருங்க. ஒரு மாவட்டத்துக்கு மட்டும்னா ஃபீஸ் 5,000, அஞ்சு மாவட்டம் வரைக்கும் 10,000, மாநிலம் முழுக்கன்னா 25,000. இந்த வித்தியாசத்த மிச்சம் புடிக்க ஒரு மாவட்டத்துக்கு வாங்கிட்டு நாலு மாவட்டத்துல ஆள் போடற ஆளுங்க இருக்காங்க.

போட்டோ ஒட்டின ஐடி கார்டு ஏஜென்சிதான் குடுக்கணும். நம்ம அண்ணன் கேஸ்ல இது ஒண்ணு கையில இருந்திருந்தா எங்க ஸ்டாஃபே இல்லன்னு வாய் கூசாம சொல்லியிருக்க முடியாது. கார்டு அடுத்த மாசம் வரும்னா அப்பாயின்ட்மென்ட் ஆர்டராவது கேளுங்க, அதுவும் இல்லனா டூட்டி எங்கன்னு வாட்ஸாப்ல மெசேஜ் போடச் சொல்லி அத அழிக்காம வச்சுக்கங்க. சம்பளம் கையில வாங்காதீங்க, பேங்க்ல போடச் சொல்லுங்க.

டிரெய்னிங் 100 மணி நேரம் கிளாஸ், 60 மணி நேரம் ஃபீல்டு, குறைஞ்சது 20 வேலை நாள். பட்டாளம், போலீஸ்ல இருந்து வந்தவங்களுக்கு 40 மணி நேரமும் 16 மணி நேரமும், 7 நாள். நடக்கறது என்னன்னா ஒரு நாள் மரத்தடியில சல்யூட் அடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு சர்டிஃபிகேட் குடுத்துடறாங்க, அதுக்கு காசு வேற முதல் மாசச் சம்பளத்துல கழியும். பின்னால ஏதாவது சம்பவம் நடந்தா எங்க டிரெய்னிங் எடுத்தீங்கன்னு கேக்கும்போது முழிக்கப் போறது நீங்க.

ஒரிஜினல் குடுக்காதீங்க. டிஸ்சார்ஜ் புக், பத்தாவது மார்க் ஷீட், துப்பாக்கி லைசென்ஸ் எதையும். "வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு நாள்"னு வாங்கி பீரோவுல பூட்டிட்டு வேலைய விட்டு போக விடாம வச்சிருந்த கதை என் கடை பெஞ்சுலயே பத்து தடவை கேட்டாச்சு. காட்டுங்க, ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினலோட வீட்டுக்கு போங்க.

யூனிஃபார்மும் ஒரு பொறி. பட்டாளத்து பழைய உடுப்பு, அது மாதிரியே தெரியற கேமஃப்ளாஜ், போலீஸ் காக்கி மாதிரி தைச்சதெல்லாம் போட்டா ஓனர் மட்டும் இல்ல, போட்டிருக்கிற காவலாளி மேலயும் கேஸ் வரும், 1 வருஷம் வரைக்கும் போகலாம். கம்பெனி குடுத்ததுதானேன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

வயசு: காவலாளிக்கு 18ல இருந்து 65, துப்பாக்கி லைசென்ஸுக்கு 21. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது 107 பாண்டு, அதாவது இனி சண்டை சச்சரவு இல்லாம அமைதியா இருப்பேன்னு எழுதிக் குடுக்கறது. ஊர்ல வரப்புத் தகராறு, பங்காளி சண்டைன்னு ஸ்டேஷன் போயிருப்பீங்க, ரெண்டு பார்ட்டியையும் வருவாய் கோட்டாட்சியர், அதான் ஆர்டிஓ கிட்ட நிறுத்தி "சும்மா ஒரு கையெழுத்துதான், கேஸெல்லாம் இல்ல"ன்னு வாங்கியிருப்பாங்க. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல 107வது பிரிவு, இப்போ புது சட்டத்துல 126. அந்த பாண்டு காலம் முடியற வரைக்கும் நீங்க துப்பாக்கி வச்சிருக்கவே தகுதி இல்லாதவர்னு ஆயுதச் சட்டம் 9வது பிரிவு சொல்லுது. கையெழுத்து வாங்கறவங்க இத சொல்றதே இல்ல. சொந்த துப்பாக்கியில டூட்டி பாக்கறவர் அங்க கையெழுத்து போட்டா அன்னிக்கே வேலை போச்சு. உங்களுக்கு துப்பாக்கி வேலைதான் சோறுன்னா அந்த கையெழுத்துக்கு முன்னாடி வக்கீலை கூட்டிட்டு போய் எதிர்த்து பேசிப் பாருங்க.

இதுக்கு நேர் எதிரா, எஃப்ஐஆர் இருக்குன்னாலே லைசென்ஸ் தர முடியாதுன்னு கவுண்டர்ல சொல்வாங்க. கேஸ் விஷயத்துல 9வது பிரிவு தடுக்கறது தண்டனை ஆனவங்கள. பெண்டிங் கேஸ காரணம் காட்டி மறுக்கணும்னா காரணத்தை எழுதி ஆர்டர் போடணும், வாயால சொல்லி திருப்பி அனுப்பறது ஆர்டர் இல்ல. அதே மாதிரி சொத்து இருக்கா, பட்டா காட்டுன்னு கேப்பாங்க. போதுமான சொத்து இல்லைங்கற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு 14வது பிரிவுல தெளிவா இருக்கு, ஆனா இத கவுண்டர்ல வாதாடாதீங்க, மனுவுலயே ஒரு வரி சேத்துடுங்க, நான் டைப் பண்ற மனுவுல எல்லாம் சேத்துடறேன்.

ஆபீஸ் அலைச்சலுக்கு வரேன். அப்ளிகேஷன் ஏ-1 படிவத்துல, கூடவே டாக்டர் சான்று, அதுல மனநலமும் இருக்கணும். போட்டவுடனே ஃபைல் ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட்டுக்கு போகும், அங்கதான் படுத்துக்கும். ஸ்டேஷன்ல கேட்டா அனுப்பிட்டோம்பாங்க, ஆர்ம்ஸ் செக்‌ஷன்ல கேட்டா வரலம்பாங்க, நடுவுல டிஎஸ்பி ஆபீஸ் ஒண்ணு இருக்கறத ரெண்டு பேரும் சொல்ல மாட்டாங்க. போலீஸ் ரிப்போர்ட்டுக்கு 30 நாள், ரிப்போர்ட் வந்த அப்புறம் முடிவு எடுக்க 60 நாள், இதுதான் 2016 விதி. ரிப்போர்ட் டயத்துக்கு வரலனா அதுக்கு மேல காத்திருக்காமலே ஆர்டர் போட அதிகாரிக்கு சட்டத்துலயே வழி இருக்கு, 13வது பிரிவு. 31வது நாள் அத குறிப்பிட்டு ஒரு மனு தபால் செக்‌ஷன்ல குடுத்து, காப்பியில சீலும் தேதியும் வாங்கிடுங்க. செக்‌ஷன் கிளார்க் கையில நேரா குடுக்காதீங்க, அவர் மேசைக்கு அடியில போற பேப்பருக்கு நம்பர் கிடையாது. அதுக்கும் பதில் இல்லனா ஃபைல் இன்னிக்கு எந்த மேசையில இருக்கு, எந்த தேதில வந்துச்சுன்னு ரெண்டே கேள்வி ஆர்டிஐல போடுங்க, நான் பாத்த வரைக்கும் ஆர்டிஐ போன வாரமே ஃபைல் எழுந்து நடக்குது. மறுத்தா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்கி உடனே அப்பீல் போங்க, 30 நாள்தான் டயம்.

லைசென்ஸ் கையில இருக்கறவங்க யூஐஎன்னு ஒரு தனி அடையாள நம்பர் இருக்கான்னு பாருங்க, அந்த நம்பர் ஏறாத பழைய நோட்டு புக் லைசென்ஸ் இப்போ செல்லாது. புதுப்பிக்க காலாவதிக்கு 60 நாள் முன்னாடியே போட்டுடணும். பட்டாளத்துக்காரங்க தேதிய டைரில எழுதி வைக்கறாங்க, டைரிய பரண்ல வைக்கறாங்க. போன்ல அலாரம் வைங்க.

கடைசியா எலெக்‌ஷன் நேரத்துல துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கற விஷயம். தேதி அறிவிச்ச மறுநாளே ஸ்டேஷன்லருந்து போன் வரும், எல்லாரும் கொண்டாந்து ஒப்படைங்கன்னு. எலெக்‌ஷன் கமிஷன் சொல்றது ஒவ்வொருத்தரையும் ஸ்கிரீனிங் கமிட்டி பாத்து முடிவு பண்ணணும்னு, ஜாமீன்ல இருக்கறவங்க, குற்றப் பின்னணி உள்ளவங்க, முன்னாடி கலவரத்துல சிக்கினவங்கதான் முக்கியமா. பேங்க் டூட்டின்னா பேங்க் மேனேஜர் கிட்ட லெட்டர் வாங்கி விலக்கு கேட்டு கமிட்டிக்கு முன்கூட்டியே மனு குடுங்க, போன் வந்த அப்புறம் ஓடினா நடக்காது. ஒப்படைச்சே ஆகணும்னா ரசீதுல துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை, இப்போ என்ன நிலைமையில இருக்குன்னு எழுத வைங்க. எங்க கடைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர் பாதி கிழிச்ச பேப்பர்ல "1 துப்பாக்கி பெறப்பட்டது"ன்னு மட்டும் வாங்கிட்டு வந்தார், திரும்ப வாங்கும்போது கட்டையில விரிசல், குழாய்க்குள்ள துரு, கேட்டா குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னுட்டாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டு, நம்பர் தெரியற மாதிரி நாலு பக்கமும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. ரிசல்ட் வந்து ஒரு வாரம் முடிஞ்சதும் திருப்பித் தரணும், அவங்களா கூப்பிட மாட்டாங்க, எட்டாவது நாள் ரசீதோட போய் நில்லுங்க.