அலுமாரியில் கிடக்கும் ஸ்பூலை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள்

நல்லூரில் கொடி ஏறினால் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருக்கும் என் திருத்தகத்தில் மேசை நிறைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊர் வீட்டின் சாமான் அறையைத் துப்புரவாக்குகிறார்கள். அகப்படுகிற வானொலி, அம்பிளிபயர், இசைத்தட்டுப் பெட்டி எல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன. சில ஆண்டுகளாக இந்த வரிசையில் ஸ்பூல் ரேப் ரெக்கோடரும், அதாவது திறந்த சுருளில் சுற்றிய நாடாவை ஓட்டும் பழைய ஒலிப்பதிவுக் கருவியும், சேர்ந்திருக்கிறது. முன்பு "இதை எங்கே எறியலாம்?" என்று கேட்டவர்கள் இப்போது "எவ்வளவு செலவானாலும் ஓட வைத்துத் தாருங்கள்" என்கிறார்கள். தொழில்காரன் என்ற முறையில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயமும் கூடியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி வந்தார். அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிப் புதுப்பித்த ஜப்பானியக் கருவியை விமானத்தில் அதற்கென்றே ஒரு பொதி போட்டுக் கொண்டுவந்திருந்தார். கூடவே கோப்பாய் வீட்டு அலுமாரியிலிருந்து எடுத்த ஏழு அங்குல ஸ்பூல்கள் நான்கு. ஒரு பெட்டியில் பேனையால் '78' என்று ஆண்டு எழுதியிருந்தது. அவருடைய அம்மப்பா கோவில் வீதியில் வைத்துப் பதிவுசெய்த மேளக் கச்சேரி.

"அண்ணை, ரேப் இழுபட்டுவிட்டது போலிருக்கிறது. நாதஸ்வரம் தாழ்ந்து, முனகுகிற மாதிரிக் கேட்கிறது. பத்து நிமிடத்தில் கீச்சிட்டு நின்றும்விட்டது" என்றார்.

ரேப் இழுபடவில்லை. கருவிக்குள் இருந்தது ஏசி மோட்டர். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் மீடிறன். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தம்பி கவனமானவர், ரான்ஸ்போமர் வாங்கி மாட்டியிருந்தார். ஆனால் ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும். 50ஐ 60 ஆக்காது. ஆறு சுற்றுச் சுற்ற வேண்டிய மோட்டர் ஐந்துதான் சுற்றியது. இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஊதிய நாதஸ்வரம் ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டது. வேகம் சரியா என்று பார்க்க அளவு நாடாக்கள் உண்டு. எங்கள் ஊர் மேளத்துக்கு அது தேவையே இல்லை. ஒரு கட்டையில் கேட்டால் வித்துவானை விட்டுவிட்டுக் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதுதான். இந்தக் கருவியில் பின்தகட்டைக் கழற்றி, பட்டியை வேறு கப்பிக்கு மாற்றினால் சரி. பத்து நிமிட வேலை.

கீச்சிட்டு நின்றதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. நாடா உரசிச் செல்லும்போது ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டைத் திறந்து பார்த்தேன். கபில நிறத்தில் பசைபோல் ஒன்று அப்பியிருந்தது. பஞ்சில் தொட்டால் இழுபட்டு வந்தது. அழுக்கு என்று அவர் நினைத்தார். அது கச்சேரி. நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் ஒலி இருக்கிறது. அந்தத் துகள்தான் உரிந்து ஹெட்டில் ஒட்டியிருந்தது.

1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல நாடாக்களில், துகள்களைப் பிடித்துவைக்கும் பசை காலப்போக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடுகிறது. பின்பக்கமும் கறுப்பாகப் பூச்சுப் போட்ட நாடாக்களில் இது அதிகம். அம்பெக்ஸ் 456 என்ற பெயர்பெற்ற ஒலிப்பதிவுக்கூட நாடாவே இந்த நோயில் பேர்போனது. குளிர் நாடுகளிலேயே இப்படியென்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் வேட்டிகூடப் பூஞ்சணம் பிடிக்கும் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாடாவை ஓட்டிப் பார்த்தால் ஓட்டும்போதே அழிகிறது.

இதற்கு மருந்து உண்டு: ஏறத்தாழ 54 பாகை செல்சியஸில் பல மணிநேரம் மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றினால், சில வாரங்களுக்கு நாடா ஓடக்கூடிய நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் நகல் எடுத்துவிட வேண்டும். காணொளியில் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்ய முனைபவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். ஒருவர் கேக் அடுப்பில் வைத்து ஸ்பூலின் பிளாஸ்ரிக்கை வளைத்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் ஒடியல் காயவைப்பதுபோல் முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் பரப்பியிருந்தார். கேட்டால் "மெல்லிய சூடுதானே" என்றார்.

அதைவிட மோசம், சூடாக்கவே கூடாத நாடாவைச் சூடாக்குவது. 1950களிலும் 60களிலும் வந்த பல நாடாக்களின் அடிப்படலம் அசற்றேற் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக். அதைச் சூடாக்கினால் சுருங்கி, நெளிந்து, முறுகிவிடும். ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்: சுற்றுகளின் ஊடாக வெளிச்சம் ஊடுருவி வந்தால் பெரும்பாலும் அசற்றேற். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணந்தால் சந்தேகமே இல்லை. அது சிதையத் தொடங்கிவிட்டது. மணக்கும் பெட்டியை மற்ற ஸ்பூல்களிலிருந்து பிரித்து வையுங்கள். அசற்றேற்றில் ஒரு நல்ல குணமும் உண்டு: அறுந்தால் நேராக அறும், ஒட்டிவிடலாம். பிந்திய நாடாக்களின் பொலியெஸ்ரர் அடிப்படலம் அறுவதற்கு முன் நூலாக இழுபடும். இழுபட்ட இடம் திரும்பி வராது.

சரி, இந்த ஸ்பூல் மோகம் எங்கிருந்து வந்தது? கேட்பவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நல்ல நாடாவை நல்ல கருவியில் கேட்டவர்களுக்குத் தெரியும். கசற்றின் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம், வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் நகரும். அந்த அகலத்துக்குள் ஒலி பதியும் கோடுகள், அதாவது தடங்கள், நான்கு. ஒலிப்பதிவுக்கூட ஸ்பூல் கால் அங்குல அகலம், இரண்டே தடங்கள், வினாடிக்கு 38 சென்ரிமீற்றர், அதாவது 15 அங்குலம். வேகம் எட்டு மடங்கு, தடத்தின் அகலமும் மூன்று மடங்குக்கு மேல். ஒரு கணத்து ஒலிக்குக் கிடைக்கும் காந்தத் துகள்கள் அவ்வளவுக்கு அதிகம். இரைச்சல் அவ்வளவுக்குக் குறைவு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் சாதாரண சீடியே இதை வெல்லும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நாடாவுக்கு ஒரு தனிச் சுபாவம் இருக்கிறது: அளவுக்கு மீறிய ஒலி வந்தால் முறிந்து கரகரக்காமல் மெல்ல அமுங்கிக்கொடுக்கும். கூடு போட்ட வலக்கை விரல்கள் தவிலில் விழும் அடியைப் பதிந்து பார்த்தால் இது புரியும். மீற்றர் முள் எழும்புவதற்குள் அடி முடிந்துவிடும். நாடா அதை உள்வாங்கிவிடும். எங்கள் மேளத்துக்கென்றே கண்டுபிடித்த ஊடகமோ என்று எனக்குச் சிலவேளை தோன்றும். ஜேர்மனியில் 1935இல் மக்னெற்றோஃபோனைக் காட்சிக்கு வைத்தவர்கள் தவிலைக் கேட்டிருக்க நியாயமில்லை.

2005 தொடக்கத்தில் அமெரிக்காவின் குவான்ரெஜி நாடாத் தொழிற்சாலை கதவடைத்தபோது இந்தக் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. இன்று பிரான்ஸில் 'ரெக்கோர்டிங் த மாஸ்ரர்ஸ்', அமெரிக்காவில் ஏரிஆர் மக்னெற்றிக்ஸ் என்று புதிய நாடா செய்கிறார்கள். ஜேர்மனியின் பால்ஃபிங்கர் புதிதாகவே கருவி செய்தது. சுவிற்சர்லாந்தில் பிறந்த ரெவொக்ஸ் தன் பழைய பி77 ஸ்பூல் கருவியை மறுபடியும் கொண்டுவந்திருக்கிறது. மூல நாடாவிலிருந்து நகலெடுத்த இசைத்தொகுப்பு ஒன்று சில நூறு டொலருக்கு விற்கிறது. வாங்குபவர்கள் ஒன்று கேளுங்கள்: எந்த நாடாவிலிருந்து எடுத்தது, எத்தனையாவது நகல்? கணினிக் கோப்பிலிருந்து நாடாவில் ஏற்றி விற்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கினால் காசைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இனி, யாழ்ப்பாணத்தவர்கள் தடுக்கி விழுகிற இடம். மேலே சொன்ன மகிமை எல்லாம் 15 அங்குல வேகத்துக்கும் இரண்டு தடத்துக்கும் உரியது. உங்கள் அம்மப்பாவின் ஸ்பூல் அந்தச் சாதியல்ல. ஏழு அங்குல ஸ்பூலில் 1800 அடி மெல்லிய நாடா சுற்றினால், 15 அங்குல வேகத்தில் 24 நிமிடம்தான் ஓடும். மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் 96 நிமிடம். விடிய விடிய நடக்கும் மேளத்தைக் கைக்காசில் நாடா வாங்கிப் பதிந்தவர் எந்த வேகத்தைத் தேர்ந்திருப்பார்? குறைந்த வேகத்தை. அதிலும் நான்கு தடமாகப் பிரித்து, ஒரு பக்கம் முடிந்ததும் ஸ்பூலைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பதிந்திருப்பார். இதைக் கொண்டுபோய், விலைகொடுத்து வாங்கிய இரண்டு தடக் கருவியில் போட்டால் ஒரு கச்சேரி முன்னோக்கியும் இன்னொரு கச்சேரி பின்னோக்கியும் சேர்ந்து ஒலிக்கும். அந்தக் கருவிகள் பலவற்றில் மூன்றேமுக்கால் வேகமே கிடையாது. எனவே 'நல்ல கருவி' என்று ஒன்றில்லை. உங்கள் நாடாவுக்கு ஏற்ற கருவி என்றுதான் உண்டு. பெரும்பாலும் அது ஒருவரும் ஆசைப்படாத, விலைமலிந்த நான்கு தட வீட்டுக் கருவி.

அப்படிப்பட்ட கருவிகள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. நான் தொழில் பழகியது 1990க்குப் பிறகு, குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஸ்பூல் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அதனால் அது வெறும் பெட்டி. எத்தனை கருவிகளின் மோட்டரை வேறு தேவைக்காக இந்தக் கையால் கழற்றியிருப்பேன்! அன்றைக்கு அது கெட்டித்தனம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பித் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது ஸ்பூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் சொற்பம். ஆகவே இன்று ஓர் அலுமாரியில் நான்கு ஸ்பூல் எஞ்சியிருக்கிறதென்றால், பெரும்பாலும் உலகத்திலேயே அது ஒற்றைப் பிரதி. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் காலம், கசற் பரவுவதற்கு முந்திய ஸ்பூல் காலம். அளவெட்டியிலும் இணுவிலிலும் எந்த மச்சுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்?

2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் திருத்தத் தெரிந்த ஆட்களும் அருகுவதால், 2025 அளவில் பெரிய அளவிலான மீட்பு வேலை முடியாமல் போகும் என்றன. அந்தத் திகதி வந்தும்விட்டது. ஸ்பூல் மோகத்தால் றோலர், பட்டி, நாடா மறுபடியும் கிடைக்கின்றன. எனக்கு இது மேலதிகமாகக் கிடைத்த சில ஆண்டுகள். அதை யாரோ ஒரு வெளிநாட்டுப் பாடகரின் தொகுப்பைக் கேட்பதில் மட்டும் கழித்துவிட வேண்டாமே என்பதுதான் என் ஆதங்கம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கசற்றின் பின்பக்கத்துச் சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. ஸ்பூலில் அந்தக் காவல் இல்லை. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் நாடாவை ஓட்டும்போது தொலைபேசி அடிக்க, பராக்கில் பதிவு விசையையும் சேர்த்து அமுக்கிவிட்டேன். நான்கு வினாடி. தனியாவர்த்தனத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தில் நான்கு வினாடி வெறும் இரைச்சலாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று மாலையே நகலெடுக்கும் கருவியில் பதிவுப் பகுதிக்கும் அழிப்பு ஹெட்டுக்கும் போகும் வயர்களை வெட்டிவிட்டேன். நீங்கள் வயரை வெட்ட வேண்டாம், பழைய நாடா இருக்கும்போது பதிவு விசைமேல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

நாற்பது வருடம் தூங்கிய கருவியை நேராகச் சுவரில் செருகவும் வேண்டாம். ரெவொக்ஸ் ஏ77, பி77 கருவிகளின் மின்வாசலில் இருக்கும் பழைய கடதாசிக் கப்பாசிற்றர் வெடித்து அறை முழுவதும் புகையும். மாற்றிவிட்டுச் செருகினால் வம்பில்லை.

நகல் எடுப்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: கணினியில் 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில், முதல் ஓட்டத்திலேயே. 'முதலில் கேட்டுப் பார்ப்போம், பிறகு பதியலாம்' என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் பலவீனமான நாடாவுக்கு இரண்டாம் ஓட்டம் கிடைக்காமல் போகலாம். பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டையும் படம் பிடியுங்கள். குடும்பம் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். அவர்கள் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் பாதுகாக்கிறார்கள்.

ரொறன்ரோத் தம்பியின் ஸ்பூலில் முதல் பத்து நிமிடம் போனது போனதுதான். மிச்சத்தைச் சூடாக்கி எடுத்தோம், இரண்டரைக் கட்டையிலேயே. மற்ற மூன்றும் நோயில்லாத நாடாக்கள்.

வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்க்காமல், பெட்டியோடு, நிமிர்த்தி வைத்தபடி கொண்டுவாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் நல்லது. மழை தொடங்கினால் என் அறையின் ஈரமானி 80 வீதத்தைத் தாண்டிவிடும். தை பிறக்கும்வரை நான் எந்த ஸ்பூலையும் திறப்பதில்லை.